மானங் காத்த வித்துவான்: சாமுவேல் ஜோன்சன் சரித்திரச் சுருக்கம்

உண்ண உணவும், உடுக்க உடையும், உறைய இடமும் பெற்றானாயின் மனிதன் குறையிலனாவான் என்று கருதுவார் உளர். அக்கருத்து உடம்பளவிற் பொருந்துமேயன்றி உள்ளத்தளவிற் பொருந்தாது. தன்னையும் ஒரு மனிதனாகப் பிறர் எண்ணுதல் வேண்டும், தான் செய்த தொழிலைப் பிறர் நோக்குதல் வேண்டும், தன் பெயரைப் பிறர் இகழ்ச்சியின்றிச் சொல்லுதல் வேண்டும் என்னும் வேட்கை எல்லார்க்கும் உண்டு. கொப்பியிலே முதலெழுத்தை எழுதிய சிறுபிள்ளை உடனே தலையை நிமிர்த்தி ஆசிரியர் முகத்தைப் பார்ப்பது இவ்வேட்கையினாலேயாம். வயிற்றுப் பசியை ஒருவாறு சொல்லிக் கேட்கலாம். இப்பசியையோ சொல்லுதற்கும் நாணுகின்றோம். சொல்லாமையால் அஃது இல்லையென்றாகாது.

முற்காலத்திலே மதிப்பும் அவமதிப்பும் பெரும்பாலும் பிறப்பினாலே அளக்கப்பட்டன. இக்காலத்திலே அவை உடையினாலும், பட்டத்தினாலும், சம்பளத்தினாலும் அளக்கப்படுகின்றன. அளவுகோல் மாறியதேயன்றி அளக்கும் வழக்கம் ஒழிந்திலது. திருவள்ளுவ நாயனார் இரவு என்னும் அதிகாரத்தை வகுத்தவர், அதனை அடுத்தே இரவச்சம் என்னும் அதிகாரத்தையும் வகுத்தார். மானத்துக்கும் தனியே ஓரதிகாரம் வகுத்தார். வறியவனுக்கும் மானம் உண்டென்பதை மறந்து ஈதல் ஈகையாகாது. இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் பட்டறிந்தவர் ஒருவர் ஆங்கில நாட்டில் இருந்தார். அவரே அகராதியாசிரியராகிய சாமுவேல் ஜோன்சன். அவர் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கிச் சொல்வாம்.

பிறப்பும் இளமையும்

ஜோன்சன் இங்கிலாந்து தேசத்து லிச்பீல்ட் என்னும் நகரிலே 1709 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 18 ஆந் திகதி பிறந்தார். தந்தையாராகிய மைக்கேல் ஜோன்சன் நூல்வணிகர், கல்வியுடையவர், நகரத்தாரால் நன்கு மதிக்கப்பட்டவர். ஆயினும் அவர் வணிகம் நாளடைவிற் குன்றியது. குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை என்னும் நோய் பிள்ளையைப் பற்றியது. அதனாலே முகத்திலும் கழுத்திலும் தழும்புகள் விழுந்தன, கண்ணொளியும் குறைந்தது. அரசர் தீண்டின் அந்நோய் நீங்குமென்று அந்நாட்டார் நம்பியிருந்தமையால், தாயார் 1712 ஆம் ஆண்டிலே பிள்ளையை இலண்டனுக்குக் கொண்டுசென்று ஆன் அரசியாராலே தீண்டுவித்தார். நோய் தீர்ந்திலது. வளர்ந்தபின் தலையும் கைகளும் தம் வயமின்றி அசையும் இயல்பொன்றும் வந்து சேர்ந்தது. இதனால் அவரை முதன்முறை கண்டோர் சிலர் அறிவில்லாதவர் என்றே எண்ணினர்.

பள்ளித் தோழர்கள் அங்ஙனம் எண்ணினாரல்லர். அவர் படிப்பிலே தம்மெல்லாரினும் மேம்பட்டவரென்பதை அறிந்து, காலைதோறும் மூவர் அவர் வீட்டுக்கு வந்து, ஒருவன் முதுகிலே ஏற்றி, இருவர் பக்கத்திலே தாங்கிப் பாடசாலைக்குச் சுமந்து சென்றார்கள். தந்தையார் கடையிலே கிடந்த நூல்களையெல்லாம் அவர் பசித்தவன் உண்பதுபோலக் கற்றார்.

சப்பாத்துக் கதை

1728 ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்திலே ஜோன்சன் ஒக்ஸ்போட் சருவகலாசாலையைச் சேர்ந்த பெம்புறோக் கல்லூரியிற் புகுந்தார். கல்வியிற் குறைவில்லை, கைப்பொருளே குறைந்தது. அயலிலுள்ள கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியிலே கற்ற நண்பர் ஒருவரிடம் சென்று அங்கு நடக்கும் விரிவுரைகளைக் கேட்டறிவது அவர் வழக்கம். அவர் சப்பாத்துக்கள் கிழிந்து கால் வெளியே தோன்றியது. அதனை அக்கல்லூரி மாணாக்கர் கண்டுகொண்டனர் என்பதை அறிந்தவுடன் அங்குச் செல்லுதலை விட்டார். பின்னர் ஒருநாள் யாரோ ஒருவர் புதிய சப்பாத்துச் சோடி ஒன்றை அவர் அறைவாயிலிலே வைத்துப் போயினர். ஜோன்சன் அதனைக் கண்டு சினந்து எடுத்தெறிந்தார்.

யான் மிஷன் பாடசாலையிலே ஆங்கிலங் கற்ற காலத்தில், எங்கள் ஆசிரியர் இக்கதையைச் சொன்னபோது யாங்களெல்லாம் சிரித்தோம். கால் கிழிந்த சப்பாத்துடையவன் புதுச் சப்பாத்தை எறிதல் பேதைமையன்றோ என்பது எங்கள் எண்ணம். ஆசிரியர் சிரித்திலர். காரணமும் சொல்லிற்றிலர். அக்காரணம் எனக்கு விளங்குதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அதனைப் பின்னர்ச் சொல்வேன்.

பதின்மூன்று மாதங்களின் பின், 1729 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, வறுமையினாலே பட்டம் பெறாது ஜோன்சன் கல்லூரியை நீங்கினார். 1731 ஆம் ஆண்டிலே தந்தையார் இறந்தனர். அவர் பொருளிலிருந்து மைந்தருக்குக் கிடைத்தது இருபது பவுண் மாத்திரமே.

உபாத்தியாயத் தொழில்

நம்மனோர் தொழிலையே ஜோன்சனும் முதலில் நாடினார். 1732 ஆம் ஆண்டிலே ஒரு கிராமப் பாடசாலையில் உதவியாசிரியராக அமர்ந்தார். அங்கே அதிகாரம் உடைய பிரபு ஒருவர் அவரை நடத்திய முறையைப் பொறுக்கமாட்டாது சில மாதங்களில் விலகினார். பின்பு வேறு பாடசாலைகளில் இடந் தேடியபொழுது பட்டமில்லாமை ஒருபுறமும், முகமுங் கையும் அசையும் இயல்பு மற்றொருபுறமுமாகத் தடுத்தன. மாணாக்கர் அதனைப் பார்த்துப் பழகிவிடுவர் என்று அஞ்சி ஒரு பாடசாலையார் அவரை ஏற்றிலர்.

1735 ஆம் ஆண்டிலே தம்மினும் இருபதாண்டு மூத்த கைம்பெண்ணாகிய எலிசபெத் போட்டர் என்பவரை விவாகஞ் செய்தார். பிறர் அருவருத்த முகத்தை நோக்காது அறிவை நோக்கியவர் அவ்வம்மையார். அவர் கைப்பொருளைக்கொண்டு ஈடியல் என்னும் ஊரிலே ஜோன்சன் சொந்தப் பாடசாலை ஒன்று தொடங்கினார். மிகச் சிலரே சேர்ந்தனர். அவருள் ஒருவர் பின்னாளிலே நாடகமேடையிற் பெரும்புகழ் படைத்த டேவிட் காரிக். மாணாக்கர் ஆசிரியர் மேல் அன்புடையராயினும் அவர் நடையையும் அசைவையும் மறைவிலே நடித்து நகைத்தனர். பாடசாலை நெடுங்காலம் நிலைத்திலது. 1737 ஆம் ஆண்டிலே ஆசிரியரும் மாணாக்கராகிய காரிக்கும் இலண்டனை நோக்கி ஒன்றாகப் புறப்பட்டனர்.

1739 ஆம் ஆண்டிலும் அறுபது பவுண் வருடச் சம்பளமுள்ள பாடசாலைத் தலைமை ஒன்று கிடைக்கும்போலத் தோன்றியது. பட்டம் இன்றி அதனைப் பெறுதல் இயலாது. டப்ளின் சருவகலாசாலையிலே பட்டம் பெறுவிக்க ஒரு பிரபு முயன்றார், முயற்சி பயன்பட்டிலது. கல்வியிருந்தும் கடிதாசி இல்லாமையால் வாயிற் கதவு மூடப்பட்ட இவர் நிலை, இக்காலத்து இளைஞர் பலர்க்கும் புதிதன்று.

இலண்டன் வாழ்க்கை

இலண்டனிலே எட்வேட் கேவ் என்பவர் நடாத்திய பத்திரிகைக்குக் கூலிக்கு எழுதிச் சீவித்தார். வறிய புலவராகிய சவேஜ் என்பவரோடு, தங்குதற்கு இடமின்றி, இரா முழுதும் தெருக்களில் நடந்து திரிந்த நாள்களும் உள. அப்புலவர் இறந்தபின் அவர் சரித்திரத்தை ஜோன்சன் எழுதி 1744 ஆம் ஆண்டிலே வெளியிட்டார். நூலிலே ஆசிரியர் பெயர் இல்லை. ஒருநாள் கேவ் வீட்டிலே விருந்துண்ட ஒருவர் அந்நூலை மிகப் புகழ்ந்தார். பின்னொருநாள் கேவ் அவரைக் கண்டு, தங்கள் புகழுரை அன்று ஒருவரை மகிழ்வித்தது என்றனராம். திரைக்குப் பின்னே ஒருவருக்குத் தட்டிலே உணவு அனுப்பப்பட்டதை அவர் கண்டிருந்தார். கந்தலுடையோடு விருந்தினர் முன் தோன்ற நாணித் திரைக்குப் பின்னிருந்து உண்டவர் ஜோன்சனே. புகழ் மேசையிலே இருந்தது. புகழப்பட்டவர் மறைவிலே இருந்தார்.

அகராதியும் பிரபுவும்

1746 ஆம் ஆண்டிலே இலண்டன் நூல்வணிகர் சிலர் ஆங்கில பாஷைக்கு ஓர் அகராதி செய்துதரும்படி ஜோன்சனோடு 1,575 பவுணுக்கு உடன்படிக்கை செய்தனர். அடுத்த ஆண்டிலே அவ்வகராதியின் திட்டத்தை எழுதிச் செஸ்டர்பீல்ட் பிரபுவை நோக்கி வெளியிட்டார். செல்வாக்குள்ள பிரபு ஒருவரின் ஆதரவைப் பெற்று நூல் செய்தல் அக்கால வழக்கம். பிரபு பத்துப் பவுண் கொடுத்தார், அதன்பின் மறந்தார். ஜோன்சன் அவர் மாளிகைப் புறக்கூடத்திலே காத்திருந்தும், வாயிலிலே தடுக்கப்பட்டும் மீண்டார்.

ஆறு உதவியாளரை வைத்துக்கொண்டு, கஃப் சதுக்கத்து வீட்டு மேன்மாடத்திலே, ஜோன்சன் தொழில் செய்தார். மூன்றாண்டில் முடியும் என்று எண்ணியது ஏறக்குறைய ஒன்பதாண்டு சென்றது. இடையிலே 1752 ஆம் ஆண்டில் மனைவியார் இறந்தனர். அத்துயரத்தோடும் தொழிலை விட்டாரல்லர். ஏறத்தாழ 42,000 சொற்கள் எடுக்கப்பட்டன. அவற்றின் வழக்கை விளக்க நல்லாசிரியர் நூல்களினின்று நூறாயிரத்துக்கு மேற்பட்ட மேற்கோள்கள் காட்டப்பட்டன.

அகராதி வெளிவரும் காலம் நெருங்கியபொழுது, 1754 ஆம் ஆண்டின் இறுதியிலே, செஸ்டர்பீல்ட் பிரபு அதனைப் புகழ்ந்து பத்திரிகை ஒன்றில் இரண்டு கட்டுரைகள் எழுதினார். அந்நூல் தமக்கு உரிமையாக்கப்படுதல் வேண்டும் என்பது அவர் கருத்துப்போலும். இதுகாறும் மதிப்புக்கு ஏங்கியவர் இப்பொழுது ஓடிச்சென்று வணங்குவர் என்று யாரும் எண்ணுவர். ஜோன்சன் அவ்வாறு செய்திலர். 1755 ஆம் ஆண்டு பெப்ருவரி மாதம் 7 ஆந் திகதி பிரபுவுக்கு ஒரு கடிதம் எழுதினார். ஏழாண்டுக்கு முன் தாம் வாயிலிலே நின்றதை நினைப்பூட்டினார். வேண்டியபொழுது வாராத உதவி, வேண்டாதபொழுது வருவதாற் பயனில்லை என்பதையும், பெற்றிலாத உதவிக்கு நன்றி கூறும் கடமை தமக்கில்லை என்பதையும் பணிவு குறையாத சொற்களாலே தெரிவித்தார். வசைமொழி ஒன்றேனும் அக்கடிதத்தில் இல்லை. ஆதலினன்றோ அப்பிரபுவும் அதனை ஒளியாது மேசைமேல் வைத்து, வந்தவர்க்குக் காட்டி அதன் சொல்வன்மையைப் பாராட்டினர்.

அகராதி 1755 ஆம் ஆண்டு ஏப்பிரில் மாதம் 15 ஆந் திகதி இரண்டு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. பட்டமின்றி விடுத்த ஒக்ஸ்போட் சருவகலாசாலை, அதற்குச் சிறிது முன்னரே நண்பர் முயற்சியால் அவருக்கு எம். ஏ. பட்டம் வழங்கியது. அதனை அவர் நூன்முகப்பிலே பதிப்பித்தார். 1765 ஆம் ஆண்டிலே டப்ளினும், 1775 ஆம் ஆண்டிலே ஒக்ஸ்போடும் டாக்டர் பட்டம் வழங்கின. உலகம் அவரை டாக்டர் ஜோன்சன் என்றே அழைத்தது. அவரோ தம்மை மிஸ்டர் ஜோன்சன் என்றே சொல்லிவந்தார். பட்டம் இல்லாதபொழுது அதன் இன்மை வருத்தியது. வந்தபொழுது அது பெரிதாகத் தோன்றிலது.

அரசர் கொடை

புகழ் வந்தும் பொருள் வந்திலது. அகராதி வெளிவந்த அடுத்த ஆண்டிலே ஆறு பவுணுக்குக் குறைந்த கடனுக்காக அவர் சிறைபிடிக்கப்பட்டு, நண்பர் ஒருவர் அனுப்பிய ஆறு கினியினால் விடுதலை பெற்றார்.

1762 ஆம் ஆண்டிலே மூன்றாம் ஜோர்ஜ் அரசர் அவருக்கு ஆண்டுதோறும் முந்நூறு பவுண் உபகாரச் சம்பளம் அளிக்க விரும்பினர். ஜோன்சன் மனங் கலங்கினார். உபகாரச் சம்பளம் என்னுஞ் சொல்லுக்குத் தம் அகராதியிலேயே இகழ்ச்சி தோன்றப் பொருளெழுதியவர் அவர். நண்பரோடு ஆராய்ந்தார். முதன்மந்திரியாகிய பியூட் பிரபு, இஃது இனிச் செய்யவேண்டிய ஊழியத்துக்குக் கூலியன்று. செய்து முடித்த தொண்டுக்கு மரியாதை என்று தெளிவாகச் சொன்னார். அதன்பின் ஜோன்சன் ஏற்றுக்கொண்டார்.

அன்பர்களே, வாயிலில் வைத்த சப்பாத்தையும் இக்கொடையையும் ஒருங்கு வைத்து நோக்குக. இரண்டும் உதவியே. அது வறுமையைச் சுட்டிக் கொடுக்கப்பட்டது. இது தொழிலை மதித்துக் கொடுக்கப்பட்டது. அதனை எறிந்த கையே இதனை ஏற்றது. ஆதலால் அவர் வெறுத்தது உதவியையன்று என்பது தெளிவாம்.

பிறர்க்கு அளித்த மதிப்பு

அவமதிப்புண்டவர் இருவகையினர். தாம் உயர்ந்தபின் பிறரை அவமதித்து ஆறுதலடைவோர் ஒருவகையினர். அந்நோவை அறிந்தமையாற் பிறரை அதனினின்று காப்போர் மற்றொரு வகையினர். ஜோன்சன் பேச்சிலே கடுமையுடையவர். வாதத்திலே எதிரியைத் தாக்காது விடார். அவர் சொல்லாற் புண்பட்ட நண்பரும் பலர். இக்குறையை மறைத்தல் தகாது. ஆயினும் எளியவர்பால் அவர் ஒழுகிய முறை வேறு.

அவர் வீடு திக்கற்றவர்க்குத் தங்குமிடமாயிற்று. கண்ணிழந்த ஆனா வில்லியம்ஸ் அம்மையார் அங்கிருந்தார். இரவு எத்துணை நேரஞ் சென்று மீண்டாலும், தமக்காகக் காத்திருக்கும் அவரோடு தேநீர் அருந்தியே ஜோன்சன் படுக்கைக்குச் செல்வார். ஏழைகளுக்கு மருந்து கொடுத்துத் திரிந்த லெவெற் என்னும் பட்டமில்லா வைத்தியரும் அங்கிருந்தார். உயர்ந்தோர் எள்ளிய அவ்வைத்தியர் 1782 ஆம் ஆண்டிலே இறந்தபொழுது, ஜோன்சன் அவர் தொண்டைப் போற்றி ஓர் இரங்கற்பாப் பாடினார். தெருவிலே நோயுற்று விழுந்து கிடந்த இழிதொழிற் பெண்ணொருத்தியைத் தம் முதுகிலே சுமந்துவந்து, பழி கூறாது, நோய் நீங்கும்வரை பேணினார். இரவிலே தெருவோரத்தில் உறங்கும் பிள்ளைகளின் கையிலே, விழித்தெழும்பொழுது உணவு வாங்கும்படி, காசு வைத்துச் செல்வார். கொடுத்தவர் யாரென்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. நாணுதற்கு இடமும் இல்லை.

ஜமேய்க்காத் தீவிலே அடிமையாய்ப் பிறந்த பிரான்சிஸ் பாபர் என்னும் கறுப்பர் 1752 ஆம் ஆண்டு முதல் அவரிடத்தில் ஊழியராயிருந்தார். ஜோன்சன் அவரைத் தம் செலவிலே பாடசாலைக்கு அனுப்பிக் கற்பித்தார். வீட்டிலே ஒரு பூனை இருந்தது. அது முதுமையுற்றபோது அதற்கு வேண்டிய சிப்பிகளை ஜோன்சன் தாமே கடைக்குச் சென்று வாங்கிவருவார். ஒரு விலங்குக்கு ஏவல் செய்யும்படி மனிதனை அனுப்பின் பாபர் உள்ளம் நோகும் என்று அவர் கருதினார். இஃது அற்பச் செயல்போலத் தோன்றும். அரசரோடு உரையாடும் பேறு பெற்ற பெரியவர், தம் ஊழியர் மானத்தைக் காக்கச் சந்தைக்கு நடந்தார் என்று எண்ணும்போது இதன் பெருமை புலப்படும். இறக்குங்காலத்திலும் அவ்வூழியருக்கே ஆண்டொன்றுக்கு எழுபது பவுண் கிடைக்கும்படி மரணசாதனம் எழுதினார்.

மழையில் நின்றமை

மானம் காத்தலும் செருக்கும் ஒன்றன்று. இதனையும் ஜோன்சன் பட்டறிந்தார். இளமையிலே ஒருநாள், நோயுற்றிருந்த தந்தையார் யூட்டொக்சிற்றர் என்னும் ஊர்ச் சந்தைக்குச் சென்று தமது நூற்கடையைப் பார்க்கும்படி சொன்னார். சந்தையிலே கடையில் நிற்றல் தமக்கு இழிவென்று எண்ணிய மைந்தர் மறுத்துவிட்டார். தந்தையார் தாமே சென்றார். தம்மைப் பிறர் மதித்தல் வேண்டும் என்று ஏங்கிய அவ்விளைஞர், தம்மை வளர்த்த தொழிலை மதித்திலர். அந்நினைவு அவரை விட்டகலவில்லை. ஏறக்குறைய ஐம்பதாண்டு கழித்து, உலகம் போற்றும் முதியவராய், அச்சந்தைக்குச் சென்றார். தந்தையார் கடையிருந்த இடத்திலே, தொப்பியைக் கழற்றி, கொட்டும் மழையிலே, கண்டவர் நகைக்க, நெடுநேரம் நின்றார். பிறர் நகைப்புக்கு அஞ்சிச் செய்த பிழையைப் பிறர் நகைப்பை ஏற்றுக் கழுவினார்.

1784 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 13 ஆந் திகதி ஜோன்சன் இறந்தார். அரசரும் புலவரும் துயிலும் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்திலே அவர் உடல் அடக்கஞ் செய்யப்பட்டது.

நாம் கொள்ளத்தக்கது

யான் உபாத்தியாயத் தொழிலிற் புகுந்த சில ஆண்டுகளுள், தருமவான் ஒருவர் எங்கள் பாடசாலை வறிய மாணாக்கருக்குச் சப்பாத்து அனுப்பினார். காலைக் கூட்டத்திலே, முழுப் பாடசாலையும் பார்த்திருக்க, ஐந்து பிள்ளைகளைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைத்தேன். அவர்கள் வீட்டு வறுமையையும் எடுத்துச் சொன்னேன். படமும் பிடிக்கப்பட்டது. மறுநாள் அவருள் ஒருவன் முன்போல வெறுங்காலோடு வந்தான். நன்றியில்லாதவன் என்று வகுப்பிலே கடிந்தேன். அவன் மறுமொழி சொல்லாது நிலத்தைப் பார்த்து நின்றான். நெடுங்காலத்தின் பின் மாணாக்கர் சிலருக்கு ஜோன்சன் சரித்திரத்தைக் கற்பிக்க நேர்ந்தபொழுது, அச்சப்பாத்துக் கதையில் வந்தவுடன் என் நா தழுதழுத்தது. என் ஆசிரியர் சிரியாமைக்குக் காரணம் அன்று விளங்கியது.

உபாத்தியாய நண்பர்களே, நமது கையிலே பொன் இல்லை, மதிப்பு உண்டு. அதனைக் கொடுத்தலாற் குறைவுபடோம். கொப்பியும் சப்பாத்தும் கொடுக்க நேர்ந்தால், தாய் தந்தையரை அழைத்துத் தனியே அவர் கையிற் கொடுப்போம். மேடையும் படமும் வேண்டா. தருமவான் படங் கேட்பாராயின், பிள்ளையின் முகத்தைக் காட்டாது ஒரு நன்றிக் கடிதம் எழுதுவோம். பிள்ளையைப் பட்டப்பெயரால் அழையாது, பெற்றோரிட்ட பெயரால் அழைப்போம். தகப்பன் தொழிலை வகுப்பிலே கேட்கும்பொழுது, எத்தொழிலைச் சொன்னாலும் ஒரே முகத்தோடு கேட்போம். தந்தை தொழிலுக்கு நாணும் பிள்ளையிருப்பின், மழையில் நின்ற முதியவர் கதையை அவனுக்குச் சொல்வோம்.

பின்வாங்கில் இருப்பவன் யாவனென்று யாமறியோம். அவன் அகராதி செய்பவனாயினும் ஆகுக, சந்தையிற் கடை வைப்பவனாயினும் ஆகுக. அவன் தலை நிமிர்த்தி நம் முகத்தைப் பார்க்கும்பொழுது, அங்கே மதிப்பைக் காண்பானாக.